எழுத்துப்பிழை யாருடையது?

கேள்வி: டேட்டாபேஸில் தரவு விடுபட்டாலோ தாமதமாக வந்தாலோ எச்சரிக்கும் கருவி ஒன்றை மூன்று வருடம் ராத்தூக்கம் கெட்டு எழுதி, அப்பாச்சி 2.0 உரிமத்தில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டேன். இப்போது ஒரு ஸ்டார்ட்அப் அதே டேஷ்போர்டு, அதே சோதனைப் பெயர்களோடு போட்டிக் கருவி விட்டிருக்கிறது. எச்சரிக்கைச் செய்தியில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது! என் பெயர் மட்டும் எங்கும் இல்லை. திருட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ராத்தூக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சோதனைப் பெயர்களும் டேஷ்போர்டு சாயலும் பெரிதாக எடுபடாது; யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகலெடுத்ததும் தப்பில்லை. எடுத்துக்கொள், விற்றுக்கொள் என்று உரிமம் கொடுத்ததே நீங்கள்தான்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். உரிமத்தின் 4ஆம் பிரிவுப்படி, மூலக்கோப்பில் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக்கூடாது. உரிம நகலையும் தர வேண்டும். உங்கள் கோப்புகளின் தலைப்பில் அந்தக் குறிப்பு இருந்ததா? பலர் போடுவதே இல்லை. இல்லாத வரியை நீக்கினார்கள் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் உரிம நகல் தரவில்லை என்பது போன்ற வாதம்தான் கையில் நிற்கும்.

நான் பயப்படுவது உங்கள் கிட் லாக்கை, அதாவது எந்த வரியை யார், எப்போது சேர்த்தார் என்ற பதிவேட்டைப் பார்த்துத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் திறப்பார். என்னிடம் வந்த ஒருவரின் ஆரம்ப கமிட்டுகள் (அந்தப் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) எல்லாம் வேலை நாள், பகல் பதினொரு மணி, ஆபீஸ் மெயில் ஐடி. வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம்: பதிப்புரிமைச் சட்டம் 17(சி). வழக்குப் போட வந்தவர் பழைய கம்பெனிக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். வெளியாட்கள் அனுப்பிய வரிகளும், எழுதி வாங்காதவரை, உங்களுடையவை அல்ல. அந்த எழுத்துப்பிழை யார் கமிட்டில் நுழைந்தது என்று முதலில் பாருங்கள். வேறு யாரோ அனுப்பியது என்றால், உங்கள் நட்சத்திர சாட்சி அவர் சொத்து.

லிங்க்ட்இன்னில் பொங்க வேண்டாம். வழக்குப் போடுவேன் என்று மிரட்டிவிட்டுச் சும்மா இருந்தால், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின் கீழ் அவர்களே உங்கள்மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். அவதூறு தனி.

சமாதானமாகப் போங்கள். அவர்களுடைய ரெப்போவை (கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தை) இன்றே நகலெடுத்து வைத்துக்கொண்டு, கோப்புப் பெயர், வரி எண்ணோடு ஒரு மெயில் அனுப்புங்கள்: உரிம நகலையும் என் பெயர் வரியையும் சேருங்கள் என்று. அவர்களுக்குப் பத்து நிமிட வேலை. நாளை முதலீட்டாளரின் வக்கீல் சோர்ஸ் கோடைத் துருவும்போது இது இடிக்கும் என்பதால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். பணம் கேட்காதீர்கள், அதற்கு இந்த உரிமத்தில் வழியில்லை. மெயிலில் 'திருட்டு' என்ற சொல்லும் வேண்டாம்.