வராத கன்சோலுக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: வயது 27, கோவையில் தனியார் வேலை. கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். செலவெல்லாம் போக மாதம் 11,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி, மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன். சோனி புதிய கையடக்க கேம் கன்சோல் கொண்டுவரப் போகிறது என்று ஒரே பேச்சு. தெரிந்த கடைக்காரர், 10,000 கட்டினால் முதல் லாட்டிலேயே எடுத்துத் தருகிறேன் என்கிறார். அது வந்தால் விலை விழுந்துவிடும், உன் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச்சை (2019-ல் வாங்கியது) இப்போதே விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். அல்லது காத்திருக்காமல் ஏசஸின் ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லையை 9 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில் வாங்கிவிடலாமா? ஜப்பான் ஸ்விட்ச் 2 மலிவு என்றும் கேள்விப்படுகிறேன். எது சரி?

பதில்: முதலில் அந்த 10,000. கட்ட வேண்டாம். சோனி இதுவரை பெயரோ விலையோ தேதியோ அறிவிக்கவில்லை. தயாரிக்கும் நிறுவனமே ஒதுக்கீடு தொடங்காத பொருளுக்குக் கடைக்காரரிடம் ‘முதல் லாட்’ எங்கிருந்து வரும்? உங்கள் பணம் அவருக்கு வட்டியில்லாக் கைமாற்று, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மாடல் பெயர், டெலிவரி தேதி, தேதி தவறினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரி, இவை மூன்றும் உள்ள ஜிஎஸ்டி ரசீது. அவரால் எழுத முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் பத்திரப்படுத்திவிட்டு இப்போதே திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வதந்தி எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல். 2021 மார்ச்சில் புதிய ஸ்விட்ச் பற்றி புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் செய்தி வந்தது: 7 அங்குல ஓஎல்இடி திரை இருக்கும், டிவியில் மாட்டினால் 4கே (மிகத் தெளிவான படம்) வரும் என்று. ஜூலையில் நின்டெண்டோ அறிவித்த மாடலில் திரை அப்படியே இருந்தது, 4கே இல்லை. அந்த 4கே வந்தது 2025 ஜூனில், ஸ்விட்ச் 2-வோடு. இடைப்பட்ட நாலு வருஷம் ‘ப்ரோ வருகிறது’ என்று காத்திருந்தவர்கள் எதை விளையாடியிருப்பார்கள்? சோனி விஷயத்திலும் 2024 நவம்பரில் வந்த புளூம்பெர்க் செய்தி, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஆட்டங்கள் ஓடும் கையடக்கக் கருவி ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது, வெளிவர வருஷக் கணக்கில் ஆகலாம் என்றுதான் சொன்னது. பரவும்போது பின்பாதி உதிர்ந்துவிட்டது.

பணம் சேர்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதிகாரபூர்வ அறிவிப்பு வந்த பிறகும் கையில் அவகாசம் இருக்கும். ஸ்விட்ச் 2-வை 2025 ஜனவரி 16-ல் காட்டினார்கள். விலையைச் சொன்னது ஏப்ரல் 2-ல், விற்பனைக்கு வந்தது ஜூன் 5-ல். கிட்டத்தட்ட நாலரை மாதம். இந்தியாவில் இன்னும் தள்ளிப்போகும். சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் (வீட்டிலுள்ள பிஎஸ்5-ன் ஆட்டத்தைக் கையில் காட்டும் கருவி) வெளிநாடுகளில் 2023 நவம்பரில் வந்தது, நமக்கு 2024 செப்டம்பரில்தான், 18,990 ரூபாய்க்கு. ஆகவே வதந்திக் கட்டத்தில் ஓடிப்போய்ப் பணம் கட்ட எந்த அவசரமும் இல்லை.

காத்திருந்தால் விலை குறையுமா என்பதற்கும் விதி கிடையாது. நின்டெண்டோ 3டிஎஸ் 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்து, ஆகஸ்டில் 169.99-க்கு இறங்கியது. முதல் நாள் வரிசையில் நின்றவர்களுக்கு 80 டாலர் நஷ்டம் (சமாதானமாக 20 பழைய ஆட்டங்கள் இலவசமாகக் கிடைத்தன). அதே நிறுவனம் 2025 ஆகஸ்டில், எட்டு வயதான ஸ்விட்ச்சின் விலையை 299.99-ல் இருந்து 339.99-க்கு ஏற்றியது. நினைவக சிப் விலை ஏறிக்கிடக்கும் இந்தக் காலத்தில் ‘பொறுத்தால் மலிவு’ என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம். கன்சோல் அல்ல, அந்த 18,000 பாக்கி. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி 630, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 113. ஆக மாதம் 743 ரூபாய் போகிறது. போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும் வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று அந்தக் கார்டில் பெட்ரோல் போட்டாலும் இன்றிலிருந்தே வட்டி. சேமிப்புக் கணக்கில் 60,000 சொற்ப வட்டியில் தூங்கும்போது இது எதற்கு? இந்த வாரமே 18,000-ஐ முழுதாக அடையுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சில நாள் வட்டி மிச்சம் வரும், பயப்பட வேண்டாம், அதையும் கட்டிவிட்டால் கணக்கு சுத்தம்.

நோ-காஸ்ட் இஎம்ஐ பற்றி. வட்டியை மறைத்து ‘ஜீரோ பர்சென்ட்’ என்று விற்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தடுத்தது. அதனால் இப்போது வங்கி வட்டி போடும், கடை அந்த அளவு விலையில் தள்ளுபடி கொடுக்கும். எக்ஸ்பாக்ஸ் அல்லையின் அறிமுக விலை 69,990. அதை 70,000 என்று வைத்து 9 மாதம், 16 சதவீதத்தில் கணக்குப் போட்டால்: தவணை 7,778. கடன் தொகை சுமார் 65,550, வட்டி சுமார் 4,450. இந்த வட்டியைத்தான் கடை தள்ளுபடியாகக் கழிக்கிறது. ஆனால் வட்டி மீதான ஜிஎஸ்டி 800 ரூபாயை யாரும் கழிப்பதில்லை, அது மாதாமாதம் சிறு துண்டுகளாக உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வரும். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். முழுப் பணம் கட்டுபவருக்கு அன்றைக்கு இருக்கும் கார்டு தள்ளுபடி இஎம்ஐக்கு உண்டா என்பதையும் பணம் கட்டும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்றுகூட விடலாம். உங்களுக்கு இடிப்பது வேறு இடத்தில். 11,000-ல் 7,778 போனால் மிச்சம் 3,222. தவணைத் தொகை முழுவதும் மினிமம் டியூவோடு சேரும், எனவே இப்போது மாதிரி சின்னத் தொகை கட்டி நழுவ முடியாது. கார்டு லிமிட்டிலும் கடன் தொகை முடங்கும். இந்த நிலையில் பைக் ரிப்பேர் ஒன்று வந்தால் மறுபடியும் சுழல் பாக்கிதான். கருவியோடு செலவு முடிவதும் இல்லை: உறை, மெமரி கார்டு, சந்தா. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 19.99-ல் இருந்து 29.99 டாலர் ஆனதைப் பார்த்திருப்பீர்கள்.

பழைய ஸ்விட்ச்சை அவசரமாக விற்கவும் வேண்டாம். சோனி கருவியில் நின்டெண்டோ ஆட்டங்கள் ஓடப்போவதில்லை, ஆகவே அது வந்தாலும் உங்கள் ஸ்விட்ச் விலையை அவ்வளவாகத் தொடாது. அதை இறக்கக்கூடிய வரவு ஸ்விட்ச் 2. அது வந்து முடிந்த கதை. எப்போது விற்றாலும் கருவியின் தொடர் எண்ணைப் பாருங்கள். ‘எக்ஸ்கே’ என்று தொடங்கினால் 2019-ல் வந்த, பேட்டரி கூடுதலாக நிற்கும் மாடல். விளம்பரத்தில் அதை எழுதினால் கூட்டிக் கேட்கலாம். ஜாய்-கான் (பக்கவாட்டுக் கண்ட்ரோலர்) குச்சி தானாக நகர்கிறதா என்று செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பகுதியின் கேலிப்ரேஷன் திரையில் சோதியுங்கள். கையை எடுத்த பிறகும் குறி நடுவில் நிற்காவிட்டால், சரிசெய்த பிறகே விற்பனை. வாங்குபவர் விலையடிக்கும் முதல் இடம் அது. கார்ட்ரிட்ஜ்களைத் தனித்தனியாக விற்றால் கூடுதல் வரும். டவுன்லோடு செய்து வாங்கிய ஆட்டங்கள் உங்கள் கணக்கோடு ஒட்டியவை, விற்க முடியாது. சேவ் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றி, மெமரி கார்டைக் கழற்றி, கருவியை முழுதாக இனிஷியலைஸ் செய்துவிட்டுக் கொடுங்கள்.

ஜப்பான் ஸ்விட்ச் 2 மலிவு என்பது நிஜம்: அறிமுக விலை 49,980 யென். ஆனால் அந்த மாடலில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் பகுதிக் கணக்கை மட்டும்தான் இணைக்க முடியும். பலமொழி மாடலின் அறிமுக விலை அங்கேயே 69,980 யென். கார்டில் வெளிநாட்டுக் கட்டணம் 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம், பிறகு சுங்கம். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே பழுதானால் வாரன்டி என்று போய் நிற்க இடமில்லை.

உங்கள் 11,000-ஐ இப்படிப் பிரிக்கலாம். கார்டை அடைத்தபின் சேமிப்பில் 42,000 நிற்கும். மாதச் செலவு 31,000, எனவே மூன்று மாதச் செலவான 93,000 வரும் வரை மாதம் 6,000 அங்கே. மீதி 5,000-க்கு ஓராண்டு ஆர்டி (மாதத் தவணை வைப்பு). ஒன்பதாவது மாதம் அவசர நிதி நிரம்பிவிடும், அதன்பின் அந்த 6,000-மும் கன்சோலுக்கு. சாதாரண ஆர்டியில் தவணையை நடுவில் கூட்ட முடியாது. கடைசி மூன்று மாதத்தின் 6,000-களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். பன்னிரண்டாம் மாத முடிவில் வட்டி சேராமலே 78,000 இருக்கும், பழைய ஸ்விட்ச் விற்ற பணம் தனி. சோனி அதற்குள் வாயைத் திறந்து, விலை அதற்குள் அடங்கினால் வாங்குங்கள். திறக்காவிட்டால் அன்றைக்குக் கடையில் இருப்பதில் பிடித்ததை முழுப் பணம் கொடுத்து, ஜிஎஸ்டி பில்லோடு எடுத்து வாருங்கள்.