யானைக்குக் காது நிற்கவில்லை!

விளாச்சேரியில் வாங்கிய களிமண்ணில் என் ஆறு வயது மகன் யானை செய்தான். மறுநாளே வயிற்றில் விரிசல், ஒரு காது கீழே. மண் சரியில்லையா? (பசுமலை வாசகி)

மண் மேல் பழி போடாதீர்கள். மொட்டை மாடியில் காய வைத்திருப்பீர்கள். மதுரை வெயிலில் மேல்மண் சட்டென்று காய்ந்து சுருங்கும்; உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் வயிறு வெடிக்கிறது. நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், சில நாள் பொறுமையாகக் காயட்டும். காது, வால், தும்பிக்கை நுனி மூன்றும் முந்திக் காய்ந்துவிடும் என்பதால் அவற்றின் மேல் மட்டும் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

காது விழுந்ததற்குக் காரணம் வேறு. வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நிற்காது. ஒட்டும் இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, அதே மண்ணைத் தோசைமாவு பதத்தில் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். உடம்பைக் கெட்டி உருண்டையாக விடாமல், அடியிலிருந்து கட்டைவிரலால் குடைந்துவிடச் சொல்லுங்கள். ஐயனார் கோயில் மண்குதிரைகளும் உள்ளே பொள்ளல்தான். கால்கள் குட்டையாக, தடியாக இருக்கட்டும். சுடாத மண் என்பதால் தண்ணீர் பட்டால் கரையும், வண்ணம் பூசியிருந்தாலும்.

இரண்டு வயதுப் பெண் எதையும் வாயில் வைக்கிறாள். உப்பு மாவு பொம்மை செய்யலாமா? (திருமங்கலம்)

வேண்டாம். இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு உப்பு போடும் மாவு அது. விழுங்கினால் குழந்தைக்கு ஆகாது. உப்பில்லாத சப்பாத்தி மாவைக் கொடுங்கள். நத்தை, பாம்பு, முட்டை எல்லாம் உருட்டலிலேயே வந்துவிடும். கடையில் விற்கும் பொம்மைக் கண், புளியங்கொட்டை, மணி எதுவும் இந்த வயதில் கிட்டே வரக்கூடாது, தொண்டையில் சிக்கும். கண்ணுக்கு விரலால் ஒரு குழி போதும். விளையாடும்போது பக்கத்திலேயே இருங்கள்.

பொங்கலுக்குப் பள்ளியில் ஜல்லிக்கட்டுக் காளை கொண்டுவரச் சொல்கிறார்கள். யூகேஜி பையன், எனக்கு வரையவும் வராது. (அலங்காநல்லூர்)

வரையத் தெரியாதது நல்லதாகப் போயிற்று, பையனே செய்வான்! அம்மாக்கள் கைவண்ணம் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டாக மடியுங்கள், மடிப்புதான் முதுகு. கீழ்ப்பக்கம் நடுவில் அரைவட்டமாக வெட்டி எடுத்தால் நான்கு காலில் நிற்கும். முதுகில் சின்னக் கீறல் போட்டு ஓர் அரைவட்டத் துண்டைச் செருகினால் திமில். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜல்லிக்கட்டில் இறங்கும் புலிக்குளம் இனக் காளைக்குத் திமில் இல்லையென்றால் ஊரே சிரிக்கும். கீறலை நீங்கள் போடுங்கள். தலை, கொம்பு, வண்ணம் அவன் பாடு. கொம்பு கோணலாக வந்தால் திருத்தாதீர்கள்.

மகளுக்கு இடக்கை. கத்தரிக்கோல் அட்டையை வெட்டாமல் மடக்குகிறது. (மேலூர்)

குறை கத்தரியில். சாதாரணக் கத்தரியை இடக்கையால் அழுத்தினால் அலகுகள் விலகும். இடக்கைக்கென்றே வருவதை வாங்குங்கள். அதுவரை செய்தித்தாளைக் கிழித்து ஒட்டி ஆட்டுக்குட்டி செய்யட்டும். கிழிந்த விளிம்பு ரோமத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

மீனாட்சியம்மன் கையில் இருப்பது போல ஓலைக்கிளி செய்ய நாலு வயதில் முடியுமா? (ஒத்தக்கடை)

கிளி முடிச்சுக்கு ஏழெட்டு வயதாகட்டும். இப்போதைக்கு ஓலையைச் சுருட்டிப் பாம்பு செய்யலாம். பனையோலை விளிம்பு பிஞ்சு விரலை அறுக்கும். தென்னங்கீற்றில் ஈர்க்கை உரித்துவிட்டுக் கொடுங்கள். காய்ந்த ஓலை என்றால் முதலில் தண்ணீரில் ஊற வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடிக்கும்போதே ஒடியும்.