மைக் முன்னால் பேசியவர்கள்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கடலூர் முதுநகர். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்குத் தரும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைத் தயாரிக்கிறேன். அதில், அரசுக் கொள்கைகளில் கம்பெனி வலியுறுத்திய நிலைப்பாடுகளைச் சொல்ல ஒரு கட்டம் உண்டு. பருவநிலை விதிகள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்கள் டெல்லியில் பேசுவது தெரிந்தும், 'ஏதுமில்லை' என்று நிரப்பச் சொல்கிறார்கள். இந்த வேலையில் நீடிக்கலாமா? கம்பெனிகள் தங்களுக்குச் சாதகமாக அரசிடம் பேசும் இந்த லாபி பற்றித் தமிழில் என்ன படிக்கலாம்? நம் மக்களுக்கு இதெல்லாம் புரியாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிக்க வேண்டியவற்றின் பட்டியல் என்னிடம் இல்லை. வேலையை விடுவது பற்றி வீட்டில் பேசுங்கள். நான் பதில் எழுதுவது உங்கள் கடைசி வரிக்காக.

மக்களுக்குப் புரியாதா? முதுநகர்ப் பிள்ளை எழுதும் வரியா இது? 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் அது. இனி ஒருமுறை இப்படி எழுதாதீர்கள்.

சிப்காட்டில் ஒரு ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என் பெரியம்மாவோடு போயிருந்தேன். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை. மைக்கைப் பிடித்து, "ஆபீசருங்க வீட்டுக்குப் போனப்புறம் மட்டும் ஏன் நாத்தம் வருது?" என்று கேட்டார். பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்கள். வீடியோ எடுத்தார்கள். கடைசியில், பேசியதையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டி, கலெக்டர் கையெழுத்துப் போட்டார். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லும் முறை அது. நல்ல முறைதான். மறுநாள் ஒரு காண்டிராக்டர் வாசலில் வந்து நின்று, பெரியம்மாவின் மகனிடம், "உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெளிப்படையாகப் பேசியதற்கு அந்த வீடு கொடுத்த விலை அது.

சரி, அந்த ஆலையின் சார்பில் ஒருவர் டெல்லி அமைச்சகத்தில் போய் உட்கார்ந்தால் யார் வீடியோ எடுக்கிறார்கள்? அவர் சொன்னதை யார் நமக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறார்கள்? 2023-ல் கார்பன் வரவு வணிகத் திட்டம் வந்தது. எந்தத் தொழில் எவ்வளவு கரிவாயுவைக் குறைக்க வேண்டும் என்ற இலக்கு அதில்தான் முடிவாகிறது. அந்த எண் ஒரு புள்ளி இறங்க யார் என்ன கேட்டார்கள் என்பது நம் கடலூர்க் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

நீங்கள் நிரப்பும் அறிக்கையையே பாருங்கள். 2022-23-லிருந்து, பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகளுக்கு அது கட்டாயம். அரசுக் கொள்கைகளில் கம்பெனியின் பங்கு பற்றிய அதன் ஏழாம் கோட்பாட்டில், எத்தனை தொழில் சங்கங்களில் உறுப்பினர் என்பதையும் முக்கியமான 10 சங்கங்களின் பெயர்களையும் சொல்லியே ஆக வேண்டும். கொள்கை நிலைப்பாட்டைச் சொல்வது மட்டும் கம்பெனியின் விருப்பம். அதாவது, எந்த வாயால் பேசினோம் என்பது கட்டாயம், என்ன பேசினோம் என்பது இஷ்டம். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் விதிமீறல் இல்லை. பேசியது தெரிந்தும் 'ஏதுமில்லை' என்று எழுதினால் அது பொய், உங்கள் கையால் எழுதிய பொய்.

அமெரிக்காவில் 1995 முதல் லாபி வெளிப்படைச் சட்டம் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். எந்தெந்த மசோதாக்கள் பற்றிப் பேசினார்கள், மொத்தம் எவ்வளவு செலவு என்பதை அது காட்டும், அறைக்குள் என்ன சொன்னார்கள் என்பதைக் காட்டாது. நம்மிடம் அந்த அளவுக்குக்கூடச் சட்டமில்லை. நான் கேட்பது பெரியம்மாவுக்கு வைத்த அதே விதியை: பெயர், வீடியோ, பேசியதன் பதிவு. ஏழைக்குப் பொருந்துகிற விதி முதலாளிக்குப் பொருந்தாதா?

அடுத்த அறிக்கைக்கு உட்காரும்போது, அந்த 10 சங்கங்களும் அமைச்சகத்துக்கு அனுப்பிய மனுக்களின் நகலை வாடிக்கையாளரிடம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் அமைச்சகத்திடமே நாம் கேட்கலாம். வணிக ரகசியம் என்று மறுக்கப் பார்ப்பார்கள். மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன், உங்கள் பெயர் அதில் வராது.