பென் டிஸ்ப்ளே பழுது: ரிட்டர்ன் நாள் முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஆன்லைன் தளத்தில் 16 அங்குல பென் டிஸ்ப்ளே (கணினியோடு இணைத்து, பேனாவால் திரையிலேயே வரையும் கருவி) ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஓராண்டு கம்பெனி வாரண்டி’ என்று போட்டிருந்தார்கள். இரண்டாவது வாரமே திரையின் இடது ஓரத்தில் கோடு நடுங்க ஆரம்பித்தது. அழுத்தி வரைந்தாலும் மெல்லிய கோடுதான் விழுகிறது. ரிட்டர்னுக்கு ஏழு நாள்தான், முடிந்துவிட்டது என்கிறார் விற்பனையாளர். இந்த சீரியல் நம்பர் இந்தியாவில் விற்பதற்காக வந்ததல்ல, வாரண்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். தளம் ‘நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே’ என்று ஒதுங்குகிறது. இதை வைத்துச் சம்பாதிக்கிற நான் நுகர்வோரே இல்லை என்றும் விற்பனையாளர் சொல்கிறார். இதனால் ஒரு புத்தக வேலை கைவிட்டுப் போய் 15,000 ரூபாய் நஷ்டம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் நுகர்வோரா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வழக்கு போட்டால் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதே 2(7) பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. விற்பனையாளர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விரிவாகப் பேசியது. அந்த நிறுவனம் தோற்றது. ஆனால் டைப்ரைட்டர் வாங்கித் தானே உட்கார்ந்து பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் உங்கள் பென் டிஸ்ப்ளேயை வைத்துப் படியுங்கள். 2018இல் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், பிழைப்புக்காகப் புகைப்படம் அச்சிடும் இயந்திரம் வாங்கியவர்களையும் உச்ச நீதிமன்றம் நுகர்வோராகவே ஏற்றது. வணிக நோக்கம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024இல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. அது சேவை தொடர்பான வழக்கு. ஆனாலும் அதே வாதத்தைப் பொருளுக்கும் வைக்கலாம்.

நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டுடியோ நடத்துகிறீர்கள் என்றாலோ, பில்லை நிறுவனப் பெயரில் போட்டு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி என்று திரும்ப எடுத்திருந்தாலோ கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மனுவில் ‘நானே வரைகிறேன், இதுதான் என் வருமானம்’ என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து அந்த ஏழு நாள். மனம் மாறினாலும் திருப்பித் தரலாம் என்று தளம் தருகிற சலுகைக்குத்தான் அந்தக் கெடு. பழுதான பொருளுக்கு வேறு விதி உண்டு. பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். ‘ஓராண்டு வாரண்டி’ என்று போட்டுவிட்டு, வாரண்டியே செல்லாத பொருளை அனுப்பியது நியாயமற்ற வணிக நடைமுறை. உண்மையில் உங்கள் வழக்கின் வலுவான பகுதி இதுதான், நடுங்குகிற கோடு அல்ல. பழுதை எப்படி வேண்டுமானாலும் மறுத்துப் பேசலாம். விற்பனைப் பக்கத்தில் எழுதியதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்தை மாற்றிவிட முடியும். அதனால் இன்றே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆர்டர் உறுதி மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி ஆகியவை அச்சாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் இவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள்.

சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. தர மறுத்தால், ‘இன்ன தேதியில் வந்தேன், இப்படிச் சொன்னீர்கள்’ என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இனி பழுதுக்கான ஆதாரம். ‘டிரைவர் (கருவியைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருள்) பிரச்சினை, கேபிள் பிரச்சினை, உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை’ என்பதுதான் எதிர்த்தரப்பின் வழக்கமான பதில். அதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். இந்தக் கருவிகளில் பேனாவின் இடம் மின்காந்த முறையில் கண்டறியப்படுவதால், எர்த் சரியாக இல்லாத லேப்டாப் சார்ஜர்கூடக் கோட்டை நடுங்க வைக்கும். அதனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை, வேறு கணினியில் ஒருமுறை, வேறு கேபிளிலும் புது டிரைவரிலும் ஒருமுறை சோதியுங்கள். ஸ்கேலை வைத்து மூலைவாட்டில் மெதுவாகக் கோடு போட்டு, சீரியல் நம்பர் தெரிய ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள். அப்போதும் இடது ஓரம் நடுங்கினால் குறை கருவியில்தான். ஒருவேளை கோடு நேராகிவிட்டால், பழுது என்று எழுதாதீர்கள். வாரண்டி பொய் என்பதை மட்டும் வைத்து வழக்கை நடத்தலாம். மூல வீடியோ இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள். வெளிக் கடையில் கருவியைத் திறக்கவும் விடாதீர்கள், திறந்த அன்றே எதிர்த்தரப்புக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

அப்புறம் தளம். அது எளிதாகக் கைகழுவ முடியாது. நீங்கள் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரியைத் தர வேண்டும். அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனாலும் சில விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு.

அசையவில்லை என்றால், விற்பனையாளர், தளம் இருவரையும் சேர்த்து 15 நாள் கெடுவில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடவும் செய்யலாம். இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் வைத்தால் கட்டணமே பாதியை விழுங்கிவிடும் என்பதை நானே சொல்கிறேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும்.

என்ன கேட்பது? 42,000 ரூபாயை வட்டியோடு திரும்பக் கேளுங்கள். மாற்றுக் கருவி கேட்க வேண்டாம். இந்திய வாரண்டி இல்லாத இன்னொன்றையே அனுப்பிவைப்பார்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை சேர்க்கலாம். அந்த 15,000 ரூபாய் கிடைப்பது கடினம். உங்களுக்கு அப்படி ஒரு புத்தக வேலை இருந்தது விற்பனையாளருக்குத் தெரியாது, தெரியாத நஷ்டத்தை அவர் தலையில் கட்ட ஆணையங்கள் தயங்கும். பதிப்பகம் வேலையை ரத்து செய்த கடிதம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள்.

வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பழுது தெரிந்த நாளை விட, பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.