கையடக்க கேம் கியரில் சோனிக் 2 ஏன் இவ்வளவு கடினம்? ‘ஸ்கிரீன் க்ரஞ்ச்’ என்றால் என்ன?

பெரிய திரைக்குத் திட்டமிட்ட விளையாட்டைச் சின்னத் திரையில் காட்டும்போது, சுற்றியுள்ள இடம் வெட்டுப்பட்டுப் போவதுதான் ஸ்கிரீன் க்ரஞ்ச்.

1992இல் சேகா வெளியிட்ட சோனிக் 2, அதாவது சோனிக் என்ற முள்ளெலி வேகமாக ஓடித் தாண்டும் வீடியோ கேம், டிவியில் மாட்டி ஆடும் மாஸ்டர் சிஸ்டத்துக்கும் வந்தது, கையடக்கமான கேம் கியருக்கும் வந்தது. முதலாவதின் திரை 256×192 புள்ளிகள். இரண்டாவது வெறும் 160×144. பாதிக்கும் குறைவு! ஆனால் சோனிக்கின் உருவமும் வேகமும் அப்படியே இருக்கின்றன. மார்கழிப் பனிமூட்டத்தில் பைக் ஓட்டுவது போலத்தான்: வண்டி அதே வண்டி, சாலையும் அதே சாலை, எதிரே வருவது மட்டும் பக்கத்தில் வந்த பிறகே தெரியும்.

முதல் பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) சண்டையிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் அதற்குப் பிறகு வரும் கட்டங்கள் அத்தனை அழகு. சோனிக் ஒரு சரிவில் நிற்கிறான். கீழே எதிரியின் கொடுக்கு, மேலிருந்து துள்ளி வரும் உருண்டைகள். காப்பாற்ற ஒரு வளையம்கூடக் கிடையாது, ஒரு அடி பட்டால் உயிர் போய்விடும். உருண்டை திரைக்குள் நுழைந்த பின் யோசிக்க நேரமே இருக்காது. கொடுக்கில் படாமல், முடிந்தவரை அதை ஒட்டி நின்று, உருண்டை துள்ளும் உயரத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

கேம் கியரின் சிப் பலவீனமானது, அதனால்தான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு கருவிகளிலும் இருப்பது அதே இசட்80 வகைச் சிப்தான்.