வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்கு ஒரு கேடயச் சின்னம்

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு கேடயச் சின்னம் வரையப்போகிறோம். சிவப்புப் பின்னணியில் பச்சை வேல். சுற்றிலும் மயில், பனைமரம், ஆர்க்கிட், புத்தகம், தாத்தா வந்த கப்பல். பொருந்துமா?
- வாசகர், ஈசூன்

பதில்: வேல் இருக்கட்டும், பச்சை வேண்டாம். போர்வீரர் கேடயத்தில் அடையாளம் தீட்டிய ஐரோப்பிய மரபான கேடயக் கலையில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். மஞ்சள், வெள்ளை என்றே தீட்டலாம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக் கூடாது. உலோகத்தின்மேல் உலோகமும் கூடாது. தூரத்தில் வருகிறவர் யாரென்று கேடயத்தைப் பார்த்தே தெரிய வேண்டும் என்பதால் வந்த விதி இது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் உங்கள் பச்சை வேல் சிவப்போடு கலந்து காணாமல் போய்விடும். வரைந்ததைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறத்தை நீக்கி, கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் வேல் வேலாகத் தெரிந்தால் சரி.

அடுத்தது கூட்டம். ஆறு பொருள்கள் ஒரு கேடயத்துக்கு மிக அதிகம். முதன்மையாக ஒன்று, துணைக்கு ஒன்று போதும். மேலே அகன்று கீழே குறுகும் கேடய வடிவத்துக்கு, இலை மேலே பார்க்க நிமிர்ந்து நிற்கும் வேல் மிக நன்றாகப் பொருந்தும். அதைப் பொன்னிறத்தில் வையுங்கள். கப்பலுக்குப் பதிலாகக் கேடயத்தின் அடியில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, வெள்ளியும் நீலமும் மாறி மாறி வரும் நான்கு அலைக்கோடுகள் போதும். கடல் கடந்து வந்ததை அது சொல்லிவிடும். மேல் கோடு வெள்ளியாக இருக்கட்டும். நீலம் வந்தால் சிவப்போடு ஒட்டிக்கொள்ளும். வேலின் காம்பு அலைக்கு மேலேயே முடிய வேண்டும்.

பனையை, கேடயத்துக்கு மேலே வரையும் தலைக்கவசத்தின் உச்சிக்கு ஏற்றலாம். உச்சியில் வைப்பது எதுவானாலும், மரத்தில் செதுக்கிக் கவசத்தில் பொருத்தினால் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தரத்தில் மிதக்கும் நட்சத்திரமெல்லாம் அங்கே எடுபடாது. மயில்தான் வேண்டுமென்றால் பனையை விட்டுவிடுங்கள். அது பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கட்டும். வலம், இடம் எல்லாம் கேடயத்தைப் பிடித்திருப்பவர் கணக்கில்தான். விலங்குகளும் பறவைகளும் வழக்கமாக அவரது வலப்பக்கம் பார்க்கும். ஆர்க்கிட்டும் புத்தகமும் அழைப்பிதழ் ஓரத்துக்குப் போகட்டும்.

சிவப்பு என்றால் வீரம், பொன் என்றால் கொடை என்று இணையத்தில் உலவும் பட்டியல்களை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறங்களுக்கு அப்படி நிலையான பொருள் கிடையாது.

கேள்வி: 'பிள்ளை' குடும்பச் சின்னம் என்று சான்றிதழோடு ஒரு தளத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, செங்காங்

பதில்: வேண்டாம். இங்கிலாந்து மரபில் கேடயச் சின்னம் ஒருவருக்கு வழங்கப்பட்டு அவர் வழித்தோன்றல்களுக்குப் போவது. ஒரே பெயர் கொண்ட எல்லாருக்கும் பொதுவானதல்ல. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நமக்குக் குடும்பப் பெயருக்கொரு சின்னம் என்ற கணக்கு சற்றும் பொருந்தாது. 'பிள்ளை' என்ற பட்டமோ பல சமூகங்களில் உண்டு. லண்டனில் 1484-இல் தொடங்கிய 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' போல, கேடயச் சின்னங்களை வழங்கும் அமைப்பு சிங்கப்பூரில் இல்லை. நீங்களே வடிவமைத்துச் சூட்டிக்கொள்வதுதான் வழி. அது பிறருடையதன் நகலாக மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: கேடயத்தைச் சிங்கமும் புலியும் தாங்கி நிற்பதுபோல வைக்கலாமா? சோழர் புலி?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: சிவப்புக் கேடயம், வெண்பிறை, ஐந்து நட்சத்திரங்கள், தாங்கி நிற்கும் சிங்கமும் புலியும், 'மஜுலா சிங்கப்பூரா' ஆகியவை சேர்ந்தது 1959-இல் அறிமுகமான நம் நாட்டுச் சின்னம். 2022-இன் தேசியச் சின்னங்கள் சட்டம் அதைக் காக்கிறது. அருகில்கூடப் போக வேண்டாம். தாங்கிகளே தேவையில்லை. இங்கிலாந்திலும் பிரபுக்கள் போன்ற சிலருக்குத்தான் அவை உண்டு. தனிச் சிங்கம் வைக்கத் தடையில்லை. வெள்ளைமேல் செஞ்சிலுவை, செம்பிறை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அவை அனைத்துலக அளவில் பாதுகாக்கப்பட்ட அடையாளங்கள்.

சோழர் முத்திரையில் புலியோடு பாண்டியரின் இரு மீன்களும் சேரரின் வில்லும் குடையும் சாமரமும் வரும். மற்ற இரு வேந்தரும் தனக்குக் கீழ் என்று சோழ அரசன் சொல்லிக்கொண்டது அது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் அதை அப்படியே மாட்டினால் சற்று அதிகம்தான்! ஒற்றைப் புலியோ, சோழர் சூடிய ஆத்திப்பூவோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தியைத்தான் பரிந்துரைப்போம், அதை அதிகம் பேர் தொட்டதில்லை.

கேள்வி: தேக்காவில் முத்திரை மோதிரம் செய்யக் கொடுக்கிறேன். பொற்கொல்லரிடம் என்ன சொல்ல வேண்டும்?
- வாசகர், பிடோக்

பதில்: அரக்கில் பதிப்பதற்கா, அழகுக்கா என்பதை முதலில் சொல்லுங்கள். பதிப்பதற்கென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் குழிவாக வெட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அரக்கில் மயில் திரும்பி நிற்கும். கேடயம் மட்டும் அல்லது உச்சிச் சின்னம் மட்டும் போதும். சின்னத்தோடு எழுதும் குறிக்கோள் வாசகத்தை அந்த அளவில் யாராலும் படிக்க முடியாது.

நிறத்தைக் கோடுகளால் காட்டும் முறை 17ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு: சிவப்புக்கு நெடுக்குக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை, கறுப்புக்கு நெடுக்குக் கோடும் கிடைக்கோடும் குறுக்காக. கோடுகளை நெருக்கி வெட்டினால் அரக்கு அடைத்துக்கொண்டு எல்லாம் ஒன்றாகிவிடும். சிறிய மோதிரமானால் கோடுகளையே விட்டுவிடலாம்.

படம் வரைந்தவர் வேறொருவர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவரை ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவாக அவருடையதே. உரிமையை மாற்றித் தரும் கடிதத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே சின்னத்தைச் சொற்களில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். ஈசூன் வாசகரின் சின்னமென்றால் இப்படி: "சிவப்புப் புலம், நிமிர்ந்த பொன்வேல் ஒன்று, அடியில் வெள்ளியும் நீலமுமாக நான்கு அலைகள்." சின்னத்துக்கு மூலம் அந்த வரிகள்தான். நாளை வேறோர் ஓவியர் வேலின் வளைவைத் தன் பாணியில் வரைந்தாலும் சின்னம் அதேதான்.