மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல்

அன்புள்ள ஐயா,

பதவி உயர்வு இந்த மாதமே வருமா என்று எங்கள் லண்டன் மேலாளரிடம் கேட்டிருந்தேன். ‘டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்’ என்று ஒரே வரியில் பதில் போட்டார். பதற்றப்படாமல் இரு, வந்துவிடும் என்கிறார் என்று நினைத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். கூட வேலை பார்ப்பவரோ அதற்கு அர்த்தமே வேறு என்கிறார். தமிழில் இதை எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்னதுதான் சரி. மூச்சை எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும்? ஒரு நிமிடம் போனாலே திணறிவிடுவோம். அது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமில்லை, அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்காராதே என்பதுதான் உட்பொருள். பெரும்பாலும் நடக்காது என்ற தொனியும் அதில் உண்டு.

நீங்கள் தடுமாறியது இயல்புதான். தமிழில் மூச்சுக்கு வேறு வேலை. ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினான்’ என்றால் முழுப் பலத்தோடு ஓடினான். ‘யாரிடமும் மூச்சு விடாதே’ என்றால் ரகசியம். காத்திருப்பை நாம் கண்ணில்தான் வைத்திருக்கிறோம்: வழிமேல் விழி வைத்து, கண் பூத்துப்போய். 1261ஆம் குறளில் வள்ளுவர் ஒளி மங்கிய கண்ணோடு விரலையும் சேர்க்கிறார். காதலன் பிரிந்துபோன நாட்களைக் காதலி தொட்டுத் தொட்டு எண்ணித் தேய்ந்த விரல். எத்தனை முறை படித்தாலும் அந்த விரல் என்னைக் கலங்கடிக்கிறது.

ஆங்கிலத்திலும் மூச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆவலோடு காத்திருப்பதை இன்று ‘பேட்டட் பிரெத்’ என்கிறார்கள். பேட்டட் என்றால் குறைத்த, அடக்கிய. 1600இல் அச்சான ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியரின் ஷைலாக் இதைச் சொல்லும்போது, அடிமைபோலக் குரல் ஒடுங்கிப் பேசுவதையே குறிக்கிறான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘இலவு காத்த கிளி’ இங்கே பொருந்தாது. அது ஏமாந்த பிறகு சொல்வது. உங்கள் மேலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நம் பேச்சிலேயே கச்சிதமான ஒன்று இருக்கிறது. ‘வாங்கின கடனைத் திருப்பித் தருவானா?’ ‘தந்த மாதிரிதான்!’ நடந்ததுபோலச் சொல்லியே நடக்காது என்கிற அழகு அதில் இருக்கிறது. நான் மொழிபெயர்த்தால் ‘வந்த மாதிரிதான்’ என்றே போடுவேன். அலுவலகக் கடிதம் என்றால் ‘இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம்’ போதும்.

வீட்டில் இன்றே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், எதனால் தள்ளிப்போகிறது, மறுபடி எப்போது கேட்கலாம் என்று மேலாளரிடம் நேராகவே எழுதிக் கேளுங்கள்.

அன்புடன்.